கடன் வாங்கச் சொல்லும் அறிவுரை

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு வேலை பார்ப்பது பணத்தை மிச்சம் பிடித்து நேரத்தைத் தொலைக்கும் செயல். மென்பொருள் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் தவணையிலாவது புதுக் கணினி வாங்கிவிட வேண்டும். சென்ற இதழ்க் கட்டுரையின் சாரம் இதுதான். அடுத்தவரைக் கடனாளியாகச் சொல்பவர் கையில் வலுவான காரணம் இருக்க வேண்டும். கட்டுரையாளர் சொன்ன மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலாவது, வேகம். பழைய கணினி விழித்தெழவே ஐந்து நிமிடம் ஆகிறதாம். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஆகத்தான் செய்யும். இதை நான் எழுதுவது 2012இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்230இல். பக்கவாட்டில் ஒரு திருகைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை உருவிவிட்டு எஸ்எஸ்டியைச் செருகினேன். அடிமூடியைத் திறந்து ரேமை 4 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன். லினக்ஸ் மின்ட் நிறுவினேன். இன்று அரை நிமிடத்தில் வேலைக்குத் தயாராகிறது. மாற்ற வேண்டிய பாகம் எதுவென்று பார்க்காமல் கணினியையே தூக்கி எறியச் சொல்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

இரண்டாவது, பாதுகாப்பு. பழைய கணினியில் லினக்ஸ் ஓட்டுவது ஆபத்தாம். இங்கே வாதம் தலைகீழாக நிற்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு கிடைக்கும், அவ்வளவே. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். 2017இல் வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினிகள், மிகச் சில நீங்கலாக, வெளியே நிற்கின்றன. அவை பழுதாகவில்லை, பட்டியலில் இல்லை, அதுதான் குற்றம். என் எக்ஸ்230 மூன்றாம் தலைமுறை. அதிலும் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸ் ஓடும். அதற்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழைய கணினியை ஆபத்தாக்குவது திருத்தம் நின்றுபோன இயங்குதளம். அந்த ஆபத்துக்கு லினக்ஸ் மருந்து. மருந்தையே நோய் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

மூன்றாவது, லினக்ஸ் தொழில்முறை வேலைக்கு ஒத்துவராது என்பது. நாம் எழுதும் நிரல் கடைசியில் எங்கே போய் ஓடுகிறது என்று ஒருகணம் யோசித்திருந்தால் இந்த வரி வந்திருக்காது. இணையச் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ்தான். நிரலாளர் அன்றாடம் பயன்படுத்தும் கிட் (Git), 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்காகவே எழுதியது. பைத்தான், ஜிசிசி, போஸ்ட்கிரெஸ் எல்லாம் டெர்மினலில் ஒரே கட்டளையில் வந்து இறங்கும். தொழில் நடக்கும் களமே லினக்ஸாக இருக்கும்போது, அதைப் பழகாதே என்று மாணவரிடம் சொல்வது அவருக்குச் செய்யும் கெடுதல்.

ஆண்ட்ராய்டு எமுலேட்டரை நாள்முழுக்க ஓட்டுபவரும், 4கே காணொளி தொகுப்பவரும், பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பவரும் புதுக் கணினி வாங்கட்டும். அவர்களுக்கு அது தேவை. சி, பைத்தான், இணையநிரல் கற்கும் மாணவருக்கும், கடிதமும் கணக்கும் தட்டச்சும் பார்ப்பவருக்கும் அது தேவையில்லை.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அண்ணனுக்குக் கிடைத்த அந்தக் கணினியைத் தங்கை பரணிலிருந்து இறக்கித் துடைக்கும் வீடுகளை நான் அறிவேன். 2 ஜிபி ரேம் இருந்தாலே மின்ட் நிறுவலாம். 4 இருந்தால் வசதி. அந்தப் பெண்ணிடம் போய், இது உதவாது, கடன் வாங்கி வா என்று சொல்கிறது கட்டுரை. கடன் வாங்க முடியாதவள் என்ன செய்வாள்? கணினியைப் பரணிலேயே திரும்ப வைத்துவிடுவாள். அவளுக்காகவாவது அந்த அறிவுரையைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.