தள்ளுபடி யாரு வீட்டுக் காசு?

போன வாரம் எங்க தெரு அண்ணாச்சி கடையில நின்னுட்டிருந்தேன். "தம்பி, நான் கொள்முதல் பண்ற விலையை விடக் கம்மியா செல்போன்ல விக்கிறான். எப்படிக் கட்டுபடியாகுது அவனுக்கு?"ன்னு கேட்டார். "கடை வாடகை கிடையாது, நடுவுல ஏஜென்ட் கிடையாது அண்ணாச்சி"ன்னு வழக்கமான பதிலைச் சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் மனசு உறுத்துச்சு. நான் சொன்னது பாதிதான் உண்மை.

மீதிக்கு ஒரு அமெரிக்கக் கதை.

டயப்பர்ஸ் டாட் காம்னு ஒரு தளம் இருந்தது. 2005ல் மார்க் லோர், வினித் பராரா என்ற இரண்டு பேர் ஆரம்பித்த குவிட்சி கம்பெனியின் தளம். டயப்பர் இடத்தை அடைக்கிற சரக்கு, லாபமும் சொற்பம். அதையே சாமர்த்தியமா பேக் பண்ணி, சீக்கிரமா வீட்டுல சேர்த்து, பெத்தவங்ககிட்ட நல்ல பேர் வாங்கினாங்க.

அமேசானுக்கு இது கண்ணை உறுத்தியது. வாங்கப் பார்த்தது, இவங்க மசியலை. உடனே டயப்பர் விலையை 30 சதவீதம் வரை வெட்டியது. குவிட்சி விலையை மாத்தினா அமேசான் விலையும் தானா மாறும்! 2010 நவம்பரில் சுமார் 54.5 கோடி டாலருக்குக் கம்பெனி கைமாறியது. 2017ல், லாபம் வரலைன்னு சொல்லி அமேசானே இழுத்து மூடிடுச்சு.

2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில், ஒரே மாசத்துல டயப்பரில் 20 கோடி டாலர் நஷ்டப்பட அமேசான் தயாரா இருந்ததுன்னு அதன் உள் ஆவணங்களை வைத்து மேரி கே ஸ்கேன்லன் என்ற உறுப்பினர் கேட்டார். பத்துப் பதினோரு வருஷத்துக்கு முந்தின சங்கதின்னு இழுத்தார் ஜெஃப் பெசோஸ்.

இதுல திறமை எங்கே இருக்கு? நல்ல கடைக்காரன் ஜெயிப்பான்னுதான் பொருளாதாரப் பாடம் சொல்லுது. இங்க ஜெயிச்சது தண்ணிக்குள்ள அதிக நேரம் மூச்சு அடக்கத் தெரிஞ்சவன். மத்த சரக்குல வந்த லாபம்தான் அந்த மூச்சு.

"விலை குறைஞ்சா நமக்கு நல்லதுதானே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான், அந்தக் கொஞ்ச நாளைக்கு. ஆனா விலையைக் கட்டுக்குள்ள வச்சிருந்த போட்டியாளனே காணாமப் போயிட்டானே! அடுத்து ஒருத்தன் புதுக்கடை போடக் காசு கேட்டா, முதலீடு பண்றவன் இந்தக் கதையை நினைச்சுப் பார்க்க மாட்டானா? பெரிய நஷ்டம் அதுதான்.

நம்ம ஊர்ல சட்டமே இல்லையான்னா, இருக்கு. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் நேரடியாவோ மறைமுகமாவோ விலையில தலையிடக் கூடாதுன்னு மத்திய அரசு 2016லேயே விதி போட்டது. அதை இன்னும் இறுக்கி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. விதி காகிதத்துல இருக்கு. அண்ணாச்சி கேள்வியும் அப்படியே இருக்கு.

அடுத்த தடவை அவர்கிட்ட இப்படித்தான் சொல்லப் போறேன்: "உங்க வியாபாரத்துல குறை எதுவும் இல்ல அண்ணாச்சி. போட்டி சரக்குல இல்ல, யாரு எத்தனை நாள் நஷ்டம் தாங்குவாங்கங்கறதுல."

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே? பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க.

டிஸ்கி: இதை எழுதி முடிக்கறப்போ காலிங் பெல் அடிச்சது டெலிவரி தம்பி. நான் யோக்கியன்னு எங்கேயும் சொல்லலியே :-)