தாலாட்டுக்குச் சம்பளம் போடு

அழுகிற குழந்தைக்குப் பாடலாம் என்று விஞ்ஞானம் இப்போது அனுமதி கொடுத்திருக்கிறது. 2013-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்தது. பக்கத்தில் இருந்து பாடுகிற தாலாட்டு பிஞ்சின் இதயத் துடிப்பை நிதானப்படுத்துகிறது என்றார்கள். சந்தோஷம். எந்தப் பத்திரிகையும் படிக்காமலே வடசென்னை ஆயாம்மா இதை ராத்திரி ராத்திரியாகச் செய்துகொண்டுதான் இருந்தாள். வெள்ளைக்கோட்டு சொன்னால் 'இசை சிகிச்சை'. ஆயா பாடினால், 'ஏம்மா, இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா?'

யார் இந்த ஆயா? காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இருந்து டூட்டிக்கு வருகிற நம் பெண்கள். ரத்தம் துடைப்பது, நஞ்சுக்கொடி அள்ளுவது, பீத்துணி மாற்றுவது என்று தீட்டென ஒதுக்கிய வேலை அத்தனையும் இவள் தலையில். அதே கையால்தான் சாதி பார்க்கிற வீட்டுக் குழந்தையையும் தோளில் போட்டுத் தட்டுகிறாள். அழுகை நிற்கிறவரை தீட்டு இல்லை. குழந்தை தூங்கியதும் தீட்டு முழித்துக்கொள்கிறது. 1880-இல் தொடங்கிய ராயபுரம் மகப்பேறு ஆஸ்பத்திரியின் பலகையில் ராஜா சர் ராமசாமி முதலியார் பேர் இருக்கிறது. கொடுத்தவர் பேர் இருக்கட்டும். குழந்தையைத் தட்டித் தூங்கவைத்தவள் பேர் எந்த ஊர்ப் பலகையில் இருக்கிறது?

தாலாட்டு என்றதும் இலக்கியவாதிகளுக்குப் பொன் தொட்டில் ஞாபகம் வரும். சபாக்காரர்களுக்கு நீலாம்பரி. நமக்கோ பழைய புடவையில் கட்டிய தூளி. நம் பெண் பாட்டில் துறைமுகத்து லாரி வரும், ஐஸ்பெட்டி தூக்கப் போன அப்பன் வருவான், 'கண்ணு, அயுவாத' என்பது தாளத்தோடு வரும். இதைக் கொச்சை என்று சொல்ல எந்தப் புலவருக்கு உரிமை? குழந்தை தொல்காப்பியம் கேட்டுத் தூங்குவதில்லை. குரலின் சூட்டைக் கேட்டுத் தூங்குகிறது.

இங்கேதான் நாம் உஷாராக வேண்டும். 'தாய்மை', 'சேவை', 'தியாகம்' என்று பாராட்டியே கூலியை விழுங்குகிற சமூகம் இது. எம்.ஆர்.பி. மூலம் 2015-இல் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஆயாவின் வேலையோ காண்ட்ராக்ட்காரன் கையில். பாட்டுக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். ஒருத்தி தலையில் ஒரு வார்டையே கட்டிவிட்டு, 'பாடிப் பாரும்மா' என்பது சிகிச்சை இல்லை, ஏமாற்று. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆளைக் குறைக்கிற திட்டமும் ஒருநாள் வரும், பாருங்கள்.

இன்னொன்று. எல்லா அழுகையும் பாட்டுக்கு அடங்காது, அடங்கவும் கூடாது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு வருகிற கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் மூச்சுமுட்டி வீதிக்கு ஓடினார்கள். மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு வேண்டியது தாலாட்டா, காற்றா? குழந்தையின் அழுகை முதல் புகார் மனு. அதை வாங்காமல் தூங்கவை என்கிறது அதிகாரம்.

1928-இல் பம்பாய் சட்டசபையில் பிரசவகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார் பாபாசாகேப் அம்பேத்கர். உழைக்கிற பெண்ணின் பிரசவம் அவள் சொந்தக் கஷ்டம் இல்லை, அரசும் முதலாளியும் சுமக்க வேண்டிய பொறுப்பு என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதே கணக்கைத் தாலாட்டுக்கும் போடுவோம். குழந்தையைத் தேற்றுவது வேலை. கைப்பழக்கமும் காதுப்பழக்கமும் வேண்டிய வேலை. ஆயாவை நிரந்தரமாக்கு. வார்டுக்குப் போதுமான நர்சுகளைப் போடு. அவள் உட்கார ஒரு நாற்காலி கொடு. எண்ணூர்க் காற்றைச் சுத்தம் செய்.

அதுவரைக்கும் எங்கள் பெண்களின் குரலை மெச்சி யாரும் கட்டுரை வாசிக்க வேண்டாம். மெச்சியது போதும், சம்பளம் போடு.