வைக்கோல் போரில் தைக்கும் அம்பு

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போக அறுவடை முடிந்தபின், பெரியாற்றுத் தண்ணீர் ஜூன் மாத வாக்கில் மீண்டும் வரும்வரை, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்து நெல் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. பிள்ளைகள் மட்டையும் பந்துமாக அறுதாளில் இறங்குவதை உழவர்கள் பெரிதாகத் தடுப்பதில்லை. அதே வயலில் வில்லும் அம்பும் பழக இடம் கேட்டால் என்ன சொல்வது?

கொடுக்கலாம் என்பதே சரியான பதில். மகாராஷ்டிர மாநிலம் சாத்தாராவில், கரும்பு வயலாக இருந்த நிலத்தில் அமைந்த பயிற்சிக் களத்தில் பழகியவர் அதிதி சுவாமி. 2023 ஆகஸ்டில் பெர்லின் நகரில், தமது 17ஆம் வயதில், காம்பவுண்ட் வில் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். அதே களத்தில் பழகிய ஓஜஸ் தேவ்தளே ஆடவர் பட்டத்தைப் பெற்றார். அந்தப் பிரிவுக்கு இலக்கின் தூரம் 50 மீட்டர்தான். சதுரமான ஒரு ஏக்கர் வயலில் இது தாராளமாக அடங்கும்.

ஆனால், "வயல் சும்மாதானே கிடக்கிறது" என்று எண்ணிக் கொடுப்பது தவறு. கோடையில் வயலுக்கும் வேலை உண்டு. கோடை மழை கிடைத்ததும் ஒரு உழவு போட்டால் களைகள் வேரோடு காயும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளின் அலகிலும் அழியும், அடுத்த மழை நீரும் உள்ளே இறங்கும். ஈரம் வாய்த்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழலாம். வில் பழகுவோருக்காக இந்த உழவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு வயலை மட்டும் ஒதுக்கிக் கொடுத்து மற்றவற்றை உழுதுவிடலாம்.

பெரிய ஆபத்து மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. வில் பழகுவோர் இலக்காக முதலில் தேடுவது வைக்கோல் கட்டைத்தான். கைக்கெட்டும் பொருள், அம்பையும் நன்றாகப் பிடித்து நிறுத்தும். பயிற்சி முடிந்ததும் அதே கட்டு போருக்குத் திரும்பி, பின்பு மாட்டின் முன் விழுகிறது. மாடு நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும் பிராணி; ஆட்டைப்போலப் பொறுக்கித் தின்னாது. முறிந்த அம்புமுனை உள்ளே போனால், தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிறு சுருங்கும்போதெல்லாம் முனை முன்னோக்கித் தள்ளப்பட்டு, உதரவிதானத்தைத் துளைத்து இதயப்பையைக்கூட எட்டும். மாடு தீனி எடுக்காது, பால் திடீரென்று குறையும், முன்னங்கால் முட்டிகளை வெளியே விரித்து நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும். மார்பின் கீழ் வீக்கம் தோன்றும் நிலையில் பிழைப்பது அரிது. ஆணியும் கம்பியும் விழுங்கிய மாடுகளில் மருத்துவர்கள் காணும் அதே நோய்தான் இது.

இரும்பென்றால் காந்தமாவது உதவும். இக்காலத்து அம்புகளின் தண்டு அலுமினியத்தாலும் கார்பன் இழையாலும் ஆனது. இரண்டையும் காந்தம் இழுக்காது. முறிந்த கார்பன் தண்டு ஊசி ஊசியாகச் சிதறும்.

ஆகவே வைக்கோலை இலக்காக வைக்கவே வேண்டாம். பழைய சேலை, கிழிந்த துணிகளைச் சாக்கில் இறுகத் திணித்தால் அம்பு நன்றாகவே நிற்கும். செலவும் இல்லை.

சேற்றில் வெறுங்காலோடு நாற்று நடும் பெண்களையும் நினைக்க வேண்டும். தவறிப்போன அம்பு உழவில் புதைந்தால், அடுத்த நடவில் யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆழக் காயத்தில்தான் தனுர்வாதம் வரும். உடலை வில்லாக வளைப்பதால் வந்த பெயர் அது! போகும்போது எத்தனை அம்பு, திரும்பும்போது எத்தனை என்று எண்ணிக் காட்டாதவருக்கு மறுநாள் வயல் இல்லை என்று உழவர் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

இலக்குக்குப் பின்னால், மேலே நடைபாதை இல்லாத உயரமான மண்மேடு அவசியம். குறி தப்பி மேலெழும் அம்பு 200 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். பக்கத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் ஆள் வேலை செய்வது வில் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாது. மேய வரும் மயிலின் மீது வேடிக்கைக்காகக் குறிவைப்பதோ, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இவ்வளவுக்கும் இணங்குகிறவர்களுக்கு மே மாதக் கடைசி வாரம் வரை வயலைக் கொடுக்கலாம். நாற்றங்காலுக்கு நிலம் திருத்தும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.