அறுத்தவருக்குப் பங்கு எங்கே?

ஜாவாத் தீவின் கிராமங்களில் நெல் விளைந்தால் நிலமில்லாத பெண்களும் அறுப்புக்கு இறங்குவது பழைய வழக்கம். ‘அனி-அனி’ என்ற சிறு கத்தியால் கதிர் கதிராய்க் கொய்வார்கள். கூலியாக நெல்லிலே பங்கு.

1960-ல் இந்தோனேசியாவில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதை அமலாக்கக் கோரிய விவசாயிகளில் பலர் 1965-66 படுகொலைகளில் மாண்டனர். அவர்களது சங்கமும் தடை செய்யப்பட்டது.

பிறகு நடந்தது என்ன? 1970-களில் நிலமுடையோர் பலர் வயலில் நின்ற பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றார்கள். அவன் அரிவாள் பிடித்த சில ஆட்களைக் கொண்டு அறுப்பை முடித்தான். பெண்களின் பங்கு பறிபோயிற்று.

குற்றம் அரிவாளின் மீதா? இல்லை! வழக்கம் மட்டுமே காத்த பங்கை உடைமைக்காரன் ஒரே பருவத்தில் பறித்துவிடுவான். நிலமும் சங்கமும் உள்ளவரிடம் அது பலிக்காது.