கயிறு யார் கையில்?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்த மாமி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "பம்பாயிலே யாரோ மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினாராமே! ஓட்டறவர் கொஞ்சம் கண் அசந்தால் என்ன ஆறது?"

கட்டியவர் அமோல் யாதவ் என்ற விமானி. ஆறு பேர் அமரும் அந்த விமானம் 2016-இல் மும்பைக் கண்காட்சிக்கு வந்தது. 2017-இல் அரசாங்கப் பதிவும் பெற்றது.

மாமியின் கேள்விக்கு 1914-லேயே பதில் கிடைத்துவிட்டது. பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர், பறக்கும்போதே இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். உதவியாளர் இறக்கைமேல் நடந்தார். விமானமோ தன்னைத் தானே சமன் செய்துகொண்டது!

இன்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்களும் இந்தத் தானியங்கியைப் பொருத்துகிறார்கள். அதன் மூளை இடும் கட்டளைக்குக் கை, 'சர்வோ' என்னும் சிறு மோட்டார். விமானத்தைத் திருப்பும் தண்டை அது தள்ளும், இழுக்கும்.

பொருத்துவதில்தான் உயிரே இருக்கிறது. விமானி பிடியை எந்தக் கோடிக்குத் தள்ளினாலும் சர்வோவின் கரம் மடங்கிச் சிக்கிக்கொள்ளக் கூடாது. மோட்டாருக்குப் பித்துப் பிடித்தாலும், மனிதக் கை பலமாக இழுத்தால் அது விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகவே வழுக்கும் கிளட்சோ, முறிந்துவிடும் ஆணியோ வைக்கிறார்கள். பறக்குமுன் தரையிலேயே இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மாமி சிரித்தாள். "அந்த நாளிலே அம்பாசமுத்திரத்திலிருந்து வரச்சே எங்காத்து வண்டிக்காரன் தூங்கிண்டேதான் வருவான். மாடு தானாக வீடு சேர்ந்துடும். ஆனாலும் கயிறு அவன் கையிலேதான் இருக்கும்!"