தாமதித்த குருதி பொய்ச்சாட்சி சொல்லும்

சாட்சிப்பொருள் ஒன்று கைப்பற்றப்பட்ட நேரந்தொட்டு மன்றில் வைக்கப்படும்வரை யார் கையில், எந்நிலையில் இருந்ததென்று காட்ட முடியாதாயின், அதனை நம்பி எவரையும் தண்டித்தல் தகாது. இது நாம் சட்டத்தில் கற்ற பாடம். ஒரு கத்திக்கு இத்துணைக் காவல் வேண்டுமெனில், உயிருக்குப் போராடும் மனிதனின் குருதிக்கு வேண்டாமா?

கமக்காரன் ஒருவன் இரவில் வெறுந்தரையில் உறங்குகிறான். கட்டுவிரியன் தீண்டுகிறது. கடித்த அடையாளம் தெரிவதரிது, வலியும் பெரிதில்லை. ஆயினும் சில மணித்தியாலங்களில் இமை சோர்கிறது. மூச்சுக்குரிய தசைகள் தளர்கின்றன. வைத்தியர் நாடியிலிருந்து குருதி எடுத்து, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அமிலத்தன்மை ஆகியவற்றின் அளவை அறிய விழைகிறார். சுவாசப்பொறி வேண்டுமா என்ற தீர்ப்பில் அவ்வெண்களுக்குப் பெரும் பங்குண்டு.

காலையில் கறந்த பால் மாலையில் அதே பாலன்று என்பதைக் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. குருதியும் அத்தகையதே. ஊசிக்குழலுள்ளும் அதன் குழியங்கள் உயிரோடிருக்கின்றன. அவை ஒட்சிசனை உண்கின்றன, வெல்லத்தைச் சிதைத்து அமிலத்தைச் சேர்க்கின்றன, காபனீரொட்சைட்டு ஏறுகிறது. வெண்குழியங்கள் மிக அதிகரித்த நோயாளியிடத்து இம்மாற்றம் இன்னும் விரைவானது.

“பனிக்கட்டியில் வைத்தனுப்பினாற் போதுமே” என்பார் உளர். அது கண்ணாடிக் குழற்காலத்து நியாயம். இன்றைய குழல் பிளாஸ்டிக். குளிரில் வைத்தால் வெளிக்காற்றின் ஒட்சிசன் அதனூடே புகும். குளிர்ந்த குருதி அதனை ஏற்றுக்கொள்ளும். மூச்சுத் திணறுபவனுக்கு ஒட்சிசன் போதுமென்று அறிக்கை பொய்யுரைக்கும். பனிக்கட்டி நேரே பட்டாற் செங்குழியங்கள் சிதைந்து பொற்றாசிய அளவும் பொய்யாக உயரும். ஆதலினாலேயே, பிளாஸ்டிக் குழலில் எடுத்த குருதியைக் காற்றுக்குமிழி நீக்கி, அறை வெப்பத்திலேயே வைத்து, 30 நிமிடத்துள் சோதித்தல் வேண்டுமென்பது நெறி.

நெறி ஏட்டில் இருந்து பயனென்ன? நோயாளி ஒரு கட்டடத்திலும் பொறி மறு கட்டடத்திலும் இருக்க, பத்து வேலை சுமக்கும் சிற்றூழியர் இடையே ஓடவேண்டுமாயின், அந்த 30 நிமிடத்தை யார் காப்பது? தவறு நேர்ந்தால் அவர் தலையிற் பழி சுமத்துவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். பொறியை எட்டத்தில் வைத்த நிர்வாகமே பொறுப்பாளி.

நாம் கேட்பன மூன்று. அவசர சிகிச்சை நடக்கும் இடத்திலேயே பொறி இருத்தல் வேண்டும். குருதி எடுத்த நேரமும் சோதித்த நேரமும் அறிக்கையிற் பதிதல் வேண்டும். காலங்கடந்த குருதியை மறுத்து, புதிதாய் எடுத்துச் சோதித்தல் வேண்டும். மீண்டும் ஊசி ஏற்றுவது வலிதான். பொய்யெண்ணை நம்பிச் சிகிச்சை செய்வது அதனினும் கொடிது.

கற்றோரே, கமக்காரரே! உங்கள் உறவினரின் அறிக்கையைக் கையில் வாங்கும்போது, “எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள்?” என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். அது வைத்தியர்மீது ஐயுறவன்று. உண்மை அறிய அவருக்குள்ள உரிமையையும் காக்கும் கேள்வியாகும்.