போட்டிக்கு முந்தைய இரவு

மும்பையின் சிவாஜி பார்க்குக்கு முதலில் இருந்த பெயர் மாஹிம் பார்க். 1925-ல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட மைதானம் 1927-ல்தான் சிவாஜியின் பெயரைப் பெற்றது. உறவினர் வீட்டில் தங்கி, ரமாகாந்த் அச்ரேக்கரிடம் பயிற்சி பெற்ற சச்சின் டெண்டுல்கர் என்ற பள்ளி மாணவன் உருவானது இந்தப் புழுதியில்தான்.

எந்தப் பந்து வீச்சாளருக்கும் அஞ்சாதவர் என்று பின்னாளில் பெயரெடுத்த அவர், 2021 மே மாதம் சொன்ன செய்தி ரசிகர்கள் பலரைத் திகைக்க வைத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போட்டிக்கு முந்தைய பதற்றம் அவரை வாட்டியது. பல இரவுகள் தூக்கம் வரவில்லை. மைதானத்தில் கால் வைப்பதற்கு வெகு முன்பே மனதுக்குள் ஆட்டம் தொடங்கிவிடும். நாளடைவில், இதுவும் தன் ஆயத்தத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டார். தூக்கம் வராவிட்டால் மனதுக்கு இதமான வேறு வேலையில் இறங்கினார். தானே தேநீர் போடுவது, துணிக்கு இஸ்திரி போடுவது, முதல் நாளே பையை அடுக்கி வைப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள் கைகொடுத்தன. 2013-ல் ஆடிய கடைசிப் போட்டி வரை இந்தப் பழக்கம் தொடர்ந்தது.

ஒரு தனிமனிதரின் வினோதப் பழக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தூக்கம் வராது என்ற பயமே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் எழுதியிருக்கிறார். தூங்க முயல வேண்டாம், விழித்திருக்கவே முயலுங்கள் என்பது நோயாளிகளுக்கு அவர் சொன்ன யோசனை. முயற்சி நின்றால் பதற்றம் தணியும். பதற்றம் தணிந்தால் தூக்கம் தானாக வரும்.

விளையாட்டு வீரர்களுக்கு இந்தப் பிரச்சினை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தவரின் இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் தணியச் சற்று நேரம் பிடிக்கும். அதோடு நாளைய ஆட்டத்தின் நினைப்பும் சேர்ந்தால் அட்ரினலின் அடங்குவதில்லை. உடல் களைத்திருக்கும், நரம்புகள் மட்டும் சண்டைக்குத் தயாராக நிற்கும். இந்த நிலையில் உடலைத் தளர்த்தும் பயிற்சிகள் உதவுகின்றன.

இவற்றில் புகழ்பெற்ற ஒன்றை வகுத்தவர் சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன். படிப்படியான தசைத் தளர்வு பற்றிய அவருடைய நூல் 1929-ல் வெளிவந்தது. தசை தளர்ந்திருக்கும்போது மனம் பதறுவது கடினம் என்பது அவர் கருத்து. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சி மாணவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி அளித்த பட் வின்டர், பிறகு ஓட்டப் பந்தய வீரர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கம் வென்ற டாமி ஸ்மித் அவருடைய மாணவர்.

நம் நாட்டில் இதற்குப் பழைய பெயர் சவாசனம். அதை மருத்துவமனையில் வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களும் மும்பைக்காரர்களே. மாஹிமுக்குச் சற்றுத் தெற்கே, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் இதய மருத்துவர் கே.கே. தாத்தேயும் சகாக்களும் உயர் ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனத்தைக் கற்பித்தார்கள். பலருக்கு அழுத்தம் குறைந்தது, மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது என்று 1969-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அது தூக்கத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் அசையாமல் படுத்து மெதுவாக மூச்சு விடுவது உடலுக்குள் அளவிடக்கூடிய மாற்றத்தைத் தரும் என்பதை அது காட்டியது.

செய்முறை எளிது. மல்லாந்து படுத்து, பாத விரல்களை ஐந்து விநாடி இறுக்கி, பிறகு சட்டென்று தளர்த்த வேண்டும். இருபது விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். இப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், தாடை, நெற்றி என்று மேலே வர வேண்டும். காயம்பட்ட தசையை மட்டும் இறுக்கக் கூடாது. பிறகு நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விட வேண்டும். மூச்சு நீண்டு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. மொத்தம் கால் மணி நேரம் போதும்.

ஆனால் போட்டிக்கு முந்தைய இரவில் முதல் முறையாகச் செய்து பார்த்தால் பலன் எதிர்பார்க்க முடியாது. கவர் டிரைவ் போல இதையும் பல நாள் பழகினால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.

தளர்வுப் பயிற்சியால் ஆகாத காரியமும் உண்டு. தூங்கும் நேரத்தை அது கூட்டித் தராது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2011-ல் வெளியான ஆய்வில், 11 கூடைப்பந்து வீரர்கள் சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அவர்களுடைய ஓட்ட வேகம் கூடியது. கூடையில் பந்து விழுவது சுமார் 9 சதவீதம் உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இருந்தாலும் அது காட்டும் திசை தெளிவானது.

மாஹிம் ரயில் பாதைக்குக் கிழக்கே தாராவி. அங்கே ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டிலிருந்து மைதானத்துக்கு வரும் தமிழ்ப் பையனிடம் பத்து மணி நேரப் படுக்கையைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. அண்ணன் இரவு ஷிப்ட் முடிந்து வருவார். பக்கத்து வீட்டு டி.வி. ஓயாது, விடியும் முன்பே தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இந்தப் பையனுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இங்கே பொறுப்பு பயிற்சியாளருக்கும் உண்டு. இரவு ஒன்பது மணி வரை ஆடவிட்டு, காலை ஐந்தரைக்கு வரச் சொல்வதைத் தவிர்க்கலாம். மதியம் அரை மணி நேரம் கண்ணயர இடம் கொடுக்கலாம். மாலைக்குப் பிறகு டீ, காபியைக் குறைக்கச் சொல்லலாம். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் புல்லில் படுக்க வைத்து உடலைத் தளர்த்தப் பழக்கலாம். இதற்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பையனுக்கு வீட்டில் அமைதி கிடைக்காவிட்டாலும், அதைத் தேடும் வழி கையில் இருக்கும்.

மூன்று மாதங்களாக வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தானாக மாத்திரை வாங்கி விழுங்கினால் மறுநாள் மந்தம்தான் மிஞ்சும். போட்டிக்கு முந்தைய ஓர் இரவு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லையா? அதற்காகக் கலங்க வேண்டாம். முந்தைய நாட்களில் நன்றாகத் தூங்கியவரின் தசை வலிமை ஓர் இரவில் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. பையை அடுக்கிவிட்டு, ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு மறுபடி படுக்கலாம்.